பாறைப் பிளவும் நீரின் விசையும்

மலைபோல் உறுதியானவன் என்று ஒருவனைப் புகழ்வது தமிழ் வழக்கு. பாறையை வெடிவைத்துக் கிணறு இறக்கும் தொழிலாளரோ மலையை வேறு விதமாக அறிவர். பல நாள் ஒரு துளி நீரும் காணாமல் இறங்கிய கிணற்றிலே, மயிரிழை போன்ற பிளவொன்று தென்பட்டதும் அதன் வழியே நீர் கசிந்து, சில மணி நேரத்தில் முழங்காலளவு நிற்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நிலத்தின் கீழுள்ள பாறை ஒரே கல்லன்று. எண்ணற்ற பிளவுகளாலே துண்டுபட்டு, தன் பாரத்தினாலேயே ஒன்றாக இறுகிக் கிடக்கும் கற்குவை அது. அப்பிளவுகளிலே நீர் உறைகின்றது. பாறை நீரை நெருக்குகின்றது. நீரும் பாறையை நெருக்குகின்றது. இவ்விரு நெருக்குதல்களையும் ஒன்றாகக் கருதிக் கணக்கிட வேண்டுமென்பதை மனிதர் உணர்ந்தது அண்மைக் காலத்திலேயே. அதனை உணர்த்திய நிகழ்ச்சிகளுள் முதன்மையானது 1959ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் திகதி இரவு பிரான்சு தேசத்திலே நடந்தது.

பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரத்தில், பிரேசூஸ் என்னும் சிறு நகரம் உள்ளது. யூலியஸ் சீசரின் பெயரால் உரோமர் நிறுவிய பழம்பதி அது. உரோமர் அந்நகருக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலத்தின் இடிந்த தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அக்கடற்கரைக்கு உல்லாசப் பிரயாணிகள் திரளாக வரத் தொடங்கினர். தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் நீர் போதவில்லை. நகரின் வடக்கே ரெய்ரான் என்றொரு சிற்றாறு ஓடுகின்றது; ஆண்டின் பெரும் பகுதி வறண்டும், மாரியிலே சீறியும் பாயும் இயல்பினது. அவ்வாற்றை மல்பசே என்னுமிடத்தில் மறித்து ஐந்து கோடி கன மீற்றர் நீரைத் தேக்கலாம் எனத் திட்டமிட்டனர்.

அணையை வரைந்தவர் ஆந்திரே குவான் என்னும் பொறியியலாளர். வில்வடிவ அணைகளை அமைப்பதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் உலகில் மிகச் சிலரே. பேரணைகளுக்கான சர்வதேசச் சபையின் தலைவராயும் அவர் இருந்தவர். ஆபிரிக்காவிலே சாம்பேசி நதியை மறித்து நிற்கும் கரிபா அணையும் அவர் கைத்திறனே. மல்பசே அணை 1952ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அதன் உயரம் 66 மீற்றர். உச்சியின் நீளம் 222 மீற்றர். தடிப்போ அடியில் ஏழு மீற்றருக்கும் குறைவு, உச்சியில் ஒன்றரை மீற்றர் மாத்திரமே. அத்துணை மெல்லிய சுவர் அத்துணை பெரிய நீர்ப்பாரத்தை எவ்வாறு தாங்கும் என்று நேயர்கள் ஐயுறலாம். வில்லின் இரகசியம் அதுவே. நீர் தள்ளும்போது வளைந்த சுவர் அத்தள்ளுதலை இரு கரைகளிலுமுள்ள பாறைக்குக் கடத்திவிடுகின்றது. ஆகவே பாரத்தைத் தாங்குவது சுவரன்று, கரைப் பாறையே. சுவரை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினும் கரை நிலைத்தாற்றான் அணை நிலைக்கும்.

அக்கரைப் பாறை நைசு எனப்படும் இனத்தைச் சேர்ந்தது. புவியின் ஆழத்திலே வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு, ஏடு அடுக்கியது போன்ற படைகளாக உருமாறிய கல் அது. அதனை ஆழத் துளைத்து ஆராயும் வேலை போதிய அளவில் நடைபெறவில்லை. கட்டட வேலையிலே செலவிட்ட கவனத்திற் பத்திலொரு பங்கு துளைப்பாராய்ச்சியில் செலவிட்டிருந்தாலும் கதை வேறாகியிருக்கக்கூடும். ஆயினும் இக்குறையை அணையைக் கட்டியவர்மீது மாத்திரம் சுமத்துதல் நேர்மையாகாது. அன்றைய வழக்கு அத்தகையது. பாறை கண்ணுக்கு வலிதாகத் தோன்றினால் அது போதும் என்பதே பொதுவான எண்ணம்.

நீர்த்தேக்கம் நிரம்ப ஐந்தாண்டுகள் சென்றன. மழை குறைவாயிருந்தது; மூழ்கவிருந்த நிலங்களைப் பற்றிய வழக்குகளும் தடையாயிருந்தன. புதிதாகக் கட்டிய அணையை முற்றாக நிரப்பிச் சோதிக்கும் வாய்ப்பு ஒருபோதும் கிட்டவில்லை. 1959 நவம்பர் நடுப்பகுதியில், அணைக்குக் கீழே வலக்கரையில் நீர் கசிவது காணப்பட்டது. பின்னர் பெருமழை தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு வார காலத்துக்குள் அரை மீற்றர் அளவான மழை அப்பகுதியிற் பெய்தது. கடைசி இருபத்துநான்கு மணி நேரத்தில் மாத்திரம் நீர்மட்டம் நான்கு மீற்றர் உயர்ந்தது. அடிமதகைத் திறந்திருக்கலாம். ஆனால் சற்றுக் கீழே, புதிய நெடுஞ்சாலைக்குரிய பாலம் அப்பொழுதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் கொங்கிரீற்றுத் தூண்களுக்கு வெள்ளத்தால் கேடு வருமென்று அஞ்சித் திறப்பதைத் தாமதித்தனர். டிசம்பர் 2ஆம் திகதி பொறியியலாளர்கள் அணையைச் சென்று பார்த்தனர். சுவரிலே பழுது ஒன்றும் தென்படவில்லை. மாலை ஆறு மணிக்கு மதகு திறக்கப்பட்டது. நீர் நிரம்பி வழிவதற்கு அப்பொழுது ஓரடி அளவே எஞ்சியிருந்தது.

இரவு ஒன்பது மணி பதின்மூன்று நிமிடத்துக்கு அணை உடைந்தது. படிப்படியாக உடைந்ததன்று, ஒரே கணத்தில் இடப்பக்கம் முழுவதும் பெயர்ந்து போயிற்று. நாற்பது மீற்றர் உயரமான நீர்ச்சுவர் ஒன்று குறுகிய பள்ளத்தாக்கினூடே மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்திற் பாய்ந்தது. நெடுஞ்சாலைத் தொழிலாளர் தங்கியிருந்த குடில்களை அது முதலில் விழுங்கிற்று. பல நூறு தொன் நிறையுள்ள கொங்கிரீற்றுத் துண்டுகள் கூழாங்கற்கள் போல உருண்டு சென்றன. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் வெள்ளம் பிரேசூஸ் நகரின் மேற்குப் பகுதியை அடைந்து, புகையிரதப் பாதையையும் வீடுகளையும் வாரிக்கொண்டு கடலிற் கலந்தது. இறந்தோர் 423 பேர்.

அவ்வழிவினால் பிரெஞ்சுச் சட்டத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்ததை இங்கே சொல்லாமல் விடலாகாது. மணநாள் குறித்திருந்த ஒரு பெண் தன் காதலனை அவ்வெள்ளத்திலே இழந்தாள். கருவுற்றிருந்த அவள், இறந்தவனையே மணக்க அனுமதிக்குமாறு, அங்கு வந்த ஜனாதிபதி டி கோலிடம் முறையிட்டாள். அதே மாத இறுதியில், இறந்தவரை மணப்பதற்கு ஜனாதிபதி அனுமதி வழங்கலாம் எனச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் இன்றும் பிரான்சில் நடைமுறையில் உள்ளது.

விசாரணை தொடங்கிற்று. முதலிற் சந்தேகம் சுவர்மேல் விழுந்தது. கொங்கிரீற்றுத் துண்டுகளைச் சோதித்தனர். தரம் நன்றாகவே இருந்தது. வரைபடத்தைக் கணக்கிட்டுப் பார்த்தனர்; பிழை காணவில்லை. உடைந்த இடத்தைப் பார்த்தபோதே உண்மையின் ஒரு பகுதி வெளிப்பட்டது. இடக்கரையிலே சுவர் மாத்திரம் போகவில்லை. சுவரைத் தாங்கிய பாறையே பெயர்ந்து போய், ஆப்பு வடிவமான பெருங்குழி ஒன்று வாய்பிளந்து கிடந்தது. குழியின் ஒரு பக்கம் பாறையின் படைகளைத் தழுவிய பிளவு. மறுபக்கம் சாய்வாக இறங்கும் வேறொரு பழம் பிளவு, களிமண் போன்ற துகளால் நிரம்பியது. பன்னெடுங்காலத்துக்கு முன்னே நிலம் பெயர்ந்தபோது உண்டான அப்பழம் பிளவு, அணையடிக்குச் சற்றுக் கீழ்ப்புறத்தில் நிலத்துட் புதைந்திருந்தது. அணை கட்டியபோது அதனை எவரும் அறிந்திருக்கவில்லை.

அணை வீழ்ந்து எட்டு மாதம் நிறையுமுன், 1960ஆம் ஆண்டு ஜூலையில், குவான் காலமானார். நீதிமன்றங்களில் வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. எவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. ஆயினும் பாறை ஏன் பெயர்ந்தது என்ற வினாவுக்கு விடை வேண்டியிருந்தது. நைசுப் பாறையின் மேல் நிற்கும் அணைகள் உலகிற் பல. அவை நிற்க, இது ஏன் வீழ்ந்தது?

இவ்விடத்திற் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1895ஆம் ஆண்டிலேயே, பிரான்சின் கிழக்குப் பகுதியில் பூசே என்னும் கல்லணை ஒன்று உடைந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணையின் உள்ளே பிளவுகளிற் புகுந்த நீர் கீழிருந்து மேலாகத் தூக்கியதே அதற்குக் காரணமெனக் கண்டனர். அன்று தொட்டுப் பருத்த கல்லணைகளைக் கட்டுவோர் நீரின் இத்தூக்கு விசையைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர். மெல்லிய வில்லணைகளுக்கு அது வேண்டுவதில்லை என விட்டுவிட்டனர். சுவரின் அடி ஒடுக்கமானதாகையால் அதன்கீழ் நீர் தூக்கும் விசையும் அற்பமே என்பது அவர் கருத்து. சுவரைப் பொறுத்தமட்டில் அது உண்மையே. பாறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நீர் எவ்வாறு திண்பொருளின் வலிமையைக் குறைக்கின்றது என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் கார்ல் தெர்சாகி. 1883ஆம் ஆண்டு பிராக் நகரிற் பிறந்த இவர், முதலாம் உலகப் போரின் பின்னர் இஸ்தான்புல் நகரிலுள்ள ஒரு கல்லூரியிலே ஆசிரியராயிருந்தபோது, எளிய கருவிகளைத் தாமே அமைத்துக் களிமண்ணையும் மணலையும் நெருக்கிச் சோதித்தார். 1925ஆம் ஆண்டு வியன்னாவில் வெளிவந்த அவருடைய நூல் மண்பொறியியலுக்கு அடிப்படையாயிற்று. அவர் கண்ட உண்மை சிறியது. அதன் பயனோ பெரிது.

ஒரு பொருளினுள்ளே ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் தாங்கப்படும் விசையைத் தகைப்பு என்பர். நிலத்தின் கீழே பிளவொன்றின் இரு முகங்களும் மேலுள்ள பாரத்தால் நெருக்குண்டு கிடக்கின்றன என்று கொள்வோம். பிளவு வறண்டிருந்தால் அப்பாரம் முழுவதையும் கல்லே தாங்கும். பிளவில் நீர் நிறைந்து அந்நீருக்கு அமுக்கம் இருப்பின், பாரத்தின் ஒரு பங்கை நீர் ஏற்றுக்கொள்ளும். கல்லின் பங்கு அந்த அளவுக்குக் குறையும். எஞ்சிய கல்லின் பங்கே விளைவுறு தகைப்பு. இரு முகங்களும் ஒன்றன்மேலொன்று வழுக்காமல் தடுக்கும் உராய்வு இந்த எஞ்சிய பங்கையே பொறுத்தது. பாரமான மரப்பெட்டி ஒன்றைத் தரையில் இழுப்பது கடினம். பக்கத்தில் நிற்பவர் அதைச் சற்றே தூக்கிக் கொடுத்தால் இலகுவாக நகர்ந்துவிடும். பெட்டியின் நிறை குறையவில்லை. தரைமேல் அது அழுத்துவதுதான் குறைந்தது. நீர் செய்வதும் இத்தூக்கிக் கொடுக்கும் வேலையே.

நீர் பிளவுக்கு எண்ணெய் போட்டதுபோல் வழுவழுப்பாக்குகின்றது எனப் பலர் எண்ணுவதுண்டு. அஃது உண்மையன்று. நனைந்த கல்லின் உராய்வு உலர்ந்த கல்லின் உராய்வினின்றும் பெரிதும் வேறுபடுவதில்லை. மேலும், இத்தூக்கு விசைக்கு நீர் அதிகம் வேண்டுவதுமில்லை. அறுபது மீற்றர் ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியோடு தொடர்புடைய பிளவு மயிரிழையளவே ஆயினும், அதனுள் நிற்கும் நீர் ஒவ்வொரு சதுர மீற்றரையும் சுமார் அறுபது தொன் விசையுடன் தள்ளும்.

இது நீர் பாறைக்குச் செய்வது. பாறை நீருக்குச் செய்வது என்ன என்பதே மல்பசேயில் மறைந்திருந்த மறுபாதி. பிளவினூடே செல்லும் நீரின் அளவு, பிளவின் அகலத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் மாறுகின்றது. அகலம் பாதியானால் நீரோட்டம் எட்டிலொன்றாகும். அகலம் பத்திலொன்றானால் நீரோட்டம் ஆயிரத்திலொன்றாகும். ஆகவே தகைப்பு மிகுந்து பிளவு சற்றே இறுகினாலும் நீரின் வழி அடைபட்டதற்கு ஒப்பாகிவிடும். தகைப்புத் தளர்ந்து பிளவு சற்றே விரிந்தால் நீருக்குப் பெருவழி திறந்துவிடும்.

பாரிசிலே ஜாக் பெர்னே என்னும் ஆராய்ச்சியாளர் மல்பசேப் பாறையை எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்தார். அவருடைய சோதனை அழகிய எளிமை வாய்ந்தது. உருளையாக வெட்டிய கல்லின் நடுவே நெடுக ஒரு துளை இடுவார். முதலில் வெளிப்புறத்தில் அமுக்கமுள்ள நீரை வைத்து, கல்லினூடாக நடுத்துளைக்குச் செலுத்துவார். அப்பொழுது நீரே கல்லை நெருக்குவதால் நுண்பிளவுகள் மூடிக்கொள்ளும். பின்னர் நடுத்துளையிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் செலுத்துவார். இப்பொழுது கல் உள்ளிருந்து விரிக்கப்படுவதால் பிளவுகள் திறந்துகொள்ளும். சாதாரணமான பல பாறைகளில் இவ்விரு நீரோட்டங்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. மல்பசே நைசிலோ வேற்றுமை நூறு மடங்கையும் தாண்டிற்று. கண்ணுக்குத் தெரியாத நுண்பிளவுகள் அக்கல்லில் அடர்ந்திருந்தன. நெருக்கினால் ஏறக்குறைய நீர்புகாக் கல், விரித்தால் சல்லடை.

குவான் நிறுவிய அலுவலகத்திலே அவருக்குப் பின் பணியாற்றிய பியர் லோண்டும் அவருடைய துணைவர்களும் இம்முடிவுகளைக் கொண்டு அந்த இரவின் நிகழ்ச்சியை மீட்டெழுதினர். இடக்கரையில் பாறைப் படைகள் அணையின் தள்ளுதல் சென்ற திசையிலேயே ஓடின. அடுக்கிய பலகைகளை அவற்றின் நுனியிலே தள்ளினால் விசை பக்கங்களுக்குப் பரவாமல் பலகை வழியே நேரே செல்வதுபோல, அணையின் விசை ஒடுங்கிய பட்டையாகப் பாறையுள் ஆழ இறங்கிற்று. அப்பட்டையில் இருந்த நுண்பிளவுகளெல்லாம் இறுகி மூடிக்கொண்டன. கீழே அது களிமண் நிறைந்த பழம் பிளவைச் சென்று முட்டியது. இவ்வாறு, மேலே கட்டிய கொங்கிரீற்று அணையின் அடியிலிருந்து நிலத்தினுள்ளே மற்றோர் அணை தானாகவே உண்டாயிற்று. அதனை எவரும் வரையவில்லை, எவரும் கட்டவில்லை.

அதே வேளையில் அணையின் நீர்ப்புறத்து அடியில் பாறை இழுவைக்கு உட்பட்டு விரிந்தது. விரிந்த பிளவுகளிலே நீர்த்தேக்கத்தின் முழு அமுக்கமும் புகுந்தது. கீழ்ப்புறமாகக் கசிந்து ஓடியிருந்தால் அமுக்கம் தணிந்திருக்கும். நிலத்தடி அணை வழியை மறித்ததால் ஓட இடமில்லை. அமுக்கம் முழுவதும் அம்மறைவான அணையின்மேலும் அதனைத் தாங்கிய ஆப்பு வடிவப் பாறையின்மேலும் விழுந்தது. ஒருநாள் மழையில் நீர் நான்கு மீற்றர் உயர்ந்தபோது ஆப்பு தன் பழம் பிளவின் வழியே மேல்நோக்கி வழுக்கிற்று. வலக்கரையிலோ படைகள் தள்ளுதலுக்குக் குறுக்காகக் கிடந்தன. விசை பரந்து சென்றது; பிளவுகள் அவ்வளவாக மூடவில்லை. வலப்புறத்து அணைத்துண்டு இன்றும் நிற்கின்றது. கசிவு காணப்பட்ட கரை நிலைத்தது, கசிவு காணாத கரை பெயர்ந்தது என்பதை நேயர்கள் கருத்திற் கொள்வாராக. கசிவைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. கசிய வேண்டிய இடத்தில் கசியாமையே அங்கு ஆபத்தின் அடையாளமாயிருந்தது.

அணையின் விசையைக் கணக்கிட்டவர் நீரை மறந்தார் என்பதைவிட, விசையைத் தனியாகவும் நீரைத் தனியாகவும் கணக்கிட்ட பழக்கமே பிழைத்தது என்று கூறுதல் பொருந்தும். அதன்பின் வழக்கம் மாறிற்று. வில்லணைகளின் கீழும் பாறையிலே துளைகள் இட்டு, உள்ளே தேங்கும் நீரை வேண்டுமென்றே வெளியேற விடுகின்றனர். பாறையுள் நீரமுக்கத்தை அளக்கும் குழாய்களைப் பதித்து நாள்தோறும் குறிப்பெடுக்கின்றனர். 1962ஆம் ஆண்டு ஒஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பேர்க் நகரிலே பாறைப் பொறியியலுக்கெனச் சர்வதேசக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது.

அதே 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே, இவ்வுண்மையின் வேறொரு முகம் தோன்றிற்று. கொலறாடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கருகே இராணுவத்தின் படைக்கலத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நரம்பைத் தாக்கும் நச்சு வாயு அங்கே உற்பத்தியாயிற்று. கழிவு நீரைத் திறந்த குளங்களில் விட்டபோது நிலத்தடி நீர் கெட்டுப் பயிர்கள் கருகின. ஆகவே 12,045 அடி ஆழத்துக்கு ஒரு துளை இட்டு, அடியிலுள்ள பிளவுபட்ட தொல்பாறையினுள் கழிவைச் செலுத்தத் தீர்மானித்தனர். மார்ச் மாதம் செலுத்துதல் தொடங்கியது. ஏப்ரில் மாதம் நிலம் அதிர்ந்தது. எண்பதாண்டுகளாகப் பூமியதிர்ச்சியை ஏறக்குறைய மறந்திருந்த ஊரிலே, அடுத்த மூன்று ஆண்டுகளில் எழுநூறுக்கு மேற்பட்ட சிற்றதிர்ச்சிகள் பதிவாயின.

1965 நவம்பரில் டேவிட் எவன்ஸ் என்னும் புவிச்சரிதவியலாளர் இரண்டு வரைபடங்களை ஒன்றன்கீழொன்றாக வைத்துக் காட்டினார். ஒன்று மாதந்தோறும் செலுத்திய கழிவின் அளவு; மற்றது மாதந்தோறும் நேர்ந்த அதிர்ச்சிகளின் தொகை. ஒன்று ஏற மற்றதும் ஏறியது. ஏறத்தாழ ஓராண்டு செலுத்துதலை நிறுத்திவைத்திருந்த காலத்தில் அதிர்ச்சிகளும் குறைந்திருந்தன. 1966 பெப்ரவரியில் செலுத்துதல் முற்றாக நிறுத்தப்பட்டது. எனினும் மிகப் பெரிய அதிர்ச்சிகள் மறு ஆண்டிலேயே, 1967 ஏப்ரிலிலும் ஆகஸ்டிலும் நவம்பரிலும் நேர்ந்தன. இதிலே முரண்பாடு இல்லை. துளையிலே நிறுத்திய பின்னரும், உள்ளே ஏற்கனவே ஏற்றிய அமுக்கம் பிளவுகளினூடே மெல்ல மெல்லப் பரவி, தூரத்திலுள்ள பெரிய பிளவுப் பரப்புக்களை அடைந்துகொண்டேயிருந்தது.

இதற்கு வேண்டிய விளக்கம் முன்னரே ஆயத்தமாயிருந்தது வியப்புக்குரியது. மல்பசே உடைந்த அதே 1959ஆம் ஆண்டில், பெப்ரவரி மாதத்திலே, கிங் ஹபர்ட், வில்லியம் ரூபி என்னும் இரு அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தனர். மலைகளளவான பாறைத் தட்டுகள் பல மைல் தூரம் எவ்வாறு நகர்ந்து சென்றன என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. நீரமுக்கம் பாறையைத் தாங்கிக்கொண்டால் மிகச் சிறு சரிவிலும் அது நகரும் என்பது விடை. அதனைக் காட்ட அவர்கள் கையாண்ட பொருள் வெறும் பியர்ப் பேணி. ஒரு முனை திறந்த பேணியைக் குளிரச் செய்து, திறந்த முனை கீழாக, நனைந்த கண்ணாடிப் பலகைமேல் வைத்தனர். உள்ளேயுள்ள வளி சூடேறி விரிந்தபோது பேணியின் பாரத்தின் ஒரு பகுதியை அது தாங்கிக்கொண்டது. ஒரு பாகை அளவான சரிவிலே பேணி தானாக வழுக்கிச் சென்றது. மலை நகர்ந்த கதையைப் பேணியைக் கொண்டு விளக்கிய அவர்கள் ஆசிரியத் திறனைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

டென்வரில் நேர்ந்தது தற்செயலன்று என்பதை மெய்ப்பிக்க அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் ஒரு துணிவான பரிசோதனை செய்தது. கொலறாடோவின் மேற்கே ரேஞ்ச்லி என்னும் எண்ணெய் வயலில், எண்ணெயை வெளிப்படுத்துவதற்காக முன்னரே நீர் செலுத்தப்பட்டு வந்தது; அங்கும் நிலம் சிறிது சிறிதாக அதிர்ந்துகொண்டிருந்தது. 1969ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை அங்குள்ள சில கிணறுகளில் அவர்கள் நீரை மாறிமாறிச் செலுத்தியும் இறைத்தும் பார்த்தனர். அங்கிருந்து எடுத்த பாறையின் உராய்வை ஆய்வுகூடத்தில் அளந்து, நிலத்தடியின் தகைப்பையும் அளந்து, பிளவு நழுவுதற்குரிய நீரமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு எனக் கணித்தனர். அவ்வளவைக் கடந்தபோது அதிர்ச்சிகள் மிகுந்தன. நீரை இறைத்து அதற்குக் கீழே இறக்கியபோது கிணறுகளின் அயலில் ஓய்ந்தன. மீண்டும் ஏற்றியபோது மீண்டும் வந்தன. நிலநடுக்கத்தை மனிதர் தாமே எழுப்பியும் அடக்கியும் பார்த்த முதல் சந்தர்ப்பம் அதுவே எனலாம்.

இதுகாறும் கூறியவை நீரமுக்கம் ஏறுவதன் விளைவுகள். அது இறங்குவதன் விளைவை இலங்கையர் தம் நாட்டிலேயே கண்டனர். மலைநாட்டுப் பாறைகளும் பெரும்பாலும் நைசு இனத்தவையே. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் பண்டாரவளைப் பகுதியின் கீழே தோண்டப்பட்டபோது, பாறைப் பிளவுகளினூடாகப் பெருந்தொகையான நீர் சுரங்கத்துள் பாய்ந்தது. மேலே ஊர்களில் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின; வீட்டுச் சுவர்கள் வெடித்தன. முன்னர் நீர் தாங்கிய பங்கு, நீர் வடிந்ததும், கல்லின்மேலும் மண்ணின்மேலும் திரும்பி விழும். பிளவுகள் ஒடுங்கும், மண் இறுகித் தாழும், மேலுள்ள கட்டடம் அதற்கேற்ப அசையும். வடிந்த நீரை மீண்டும் விட்டாலும் இறுகிய மண் முன்போல் எழுவதில்லை.

புவியின் வெப்பத்தை மின்சக்தியாக்க முயல்வோர் இன்று இவ்விரு விளைவுகளுக்குமிடையே நடக்கின்றனர். ஆழத்திலுள்ள சூடான பாறையிலே நீரோட்டத்துக்கு வழி உண்டாக வேண்டுமாயின் பிளவுகள் சற்றே நழுவி விரிதல் வேண்டும். மிகுதியாக நழுவினால் மேலே நகரம் நடுங்கும். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் நேர்ந்த அதிர்ச்சி சிறியதே. ஆயினும் அத்திட்டம் அதனோடு நின்றது. தென் கொரியாவின் போகாங் நகரிலே 2017 நவம்பர் 15ஆம் திகதி நேர்ந்தது அத்தகையதன்று. வீடுகள் பல இடிந்தன; மக்கள் கூடாரங்களிலும் மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. அரசு நியமித்த ஆராய்ச்சிக் குழு 2019 மார்ச்சில் தன் முடிவை வெளியிட்டது. வெப்பக் கிணற்றினுள் செலுத்திய நீர், நழுவுதற்கு ஏறத்தாழ ஆயத்தமாயிருந்த ஒரு பிளவை எட்டிற்று என்பது அம்முடிவு. அப்பிளவு அங்கிருப்பது துளையிட்டவர்களுக்கு முன்னர் தெரிந்திருக்கவில்லை.